முப்பத்தெட்டு

விசிலுக்குப் பத்து நிமிடம் முன்புதான்
டயரில் காற்றை இறக்கினேன்.
கட்டைவிரலால் அமுக்கினால் பழுத்த கொய்யா மாதிரி
கொஞ்சம் உள்ளே போக வேண்டும். போனது.
ராத்திரியெல்லாம் ஐப்பசி அடித்து ஊற்றியிருந்தது.
நேமத்தான்பட்டிக்குத் தெற்கே தைலமரக் காடு
தைலம் மணக்காமல்
ஈரச் சாக்கு மணத்தது.

மூன்று சுற்று, சுற்றுக்கு ஏழு கிலோமீட்டர்.
பெண்கள் பிரிவில் ஒன்பது பேர்.
எனக்குப் பக்கத்தில் முப்பத்து மூன்று, வள்ளிக்கண்ணு,
திருமயத்தில் பல் டாக்டர்.
அவள் சைக்கிள் விலைக்கு எங்கள் கடையில்
ஒரு வீட்டுக்கே டைல்ஸ் எடுக்கலாம்.
பில் போடுகிறவள் நான், கணக்குத் தெரியும்.

செம்மண்ணைப் பற்றி யாரும் சரியாகச் சொல்வதில்லை.
காய்ந்தால் பவுடர்.
நனைந்தால் கடன் கொடுத்தவன்,
காலைப் பிடித்தால் விடாது.
ஒவ்வொரு உருளலுக்கும் சக்கரம் ஒரு நூல் தடிக்கும்,
ஃபோர்க்குக்கு நடுவே பிசைந்து வைத்ததுபோல் அடைக்கும்,
பிறகு உருளாது, இழுபடும்.
இறங்கி, குச்சியால் நோண்டி,
ஏறி, இறங்கி, நோண்டி,
கடைசியில் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினேன்.
வாங்கும்போது பதினான்கு கிலோ. இப்போது இருபதுக்குக் குறையாது.

முதல் சுற்றிலேயே வள்ளிக்கண்ணு
செம்பூரான் குழியோரம் நின்றிருந்தாள்.
கியர் ஒடிந்து ஸ்போக்குக்குள் செருகிக் கிடந்தது,
அதைச் சுற்றி நார்நாராய்த் தைலமரப் பட்டை.
“போங்க, போங்க” என்றாள்.
போனேன்.
சந்தோஷப்படவில்லை என்றால் பொய்.

இரண்டாவது சுற்று
யாரோ எனக்காக ஓட்டிக் கொடுத்தது.
பின்சக்கரம் வழுக்கும் பக்கமே இடுப்பை விட்டால்
விழமாட்டோம் என்று உடம்புக்குப் புரிந்துவிட்டது.
எனக்கு இன்னும் புரியவில்லை.
வாயில் இரும்பு ருசி.
மண்ணா, உதடு கிழிந்ததா,
துப்பினால் இரண்டும் ஒரே நிறம்.

மூன்றாவதில் கலுங்கு.
காலையில் கணுக்கால் தண்ணீர், இப்போது முழங்கால்.
கண்மாய் நிறைந்து மறுகால் போகிறது என்று
ஏறுமீனுக்குப் பாதி ஊர் வந்திருந்தது
கொசுவலையும் வேட்டியும் பிளாஸ்டிக் கூடையுமாய்.
பந்தயத்துக்குக் கட்டிய மஞ்சள் ரிப்பனில்
ஒருவர் சட்டையைப் போட்டிருந்தார்.
“ஓரம், ஓரம்” என்று கத்திக்கொண்டே பிடித்தேன்.
பிரேக்கில் ஒன்றும் இல்லை.
இரும்பு இரும்பை உரசியபடி
நேராகப் போய் ஒருவருடைய அண்டாவில்.

கெளுத்தி, கெண்டை, முழங்கை நீள விரால்,
எல்லாம் தண்ணீரோடு தண்ணீராய்ப் போயின.
அவர் பெயர் சேவுகன் என்று பிறகு தெரிந்தது.
திட்டவில்லை, அதுதான் கஷ்டமாயிருந்தது.
“எறங்கும்மா, புடி” என்றார்.
ஹெல்மெட்டைக் கழற்றி அள்ளினேன்.
அதில் ஏன் அத்தனை ஓட்டை என்று அன்று தெரிந்தது:
தண்ணீர் வடிந்தது, மீன் நின்றது.
நான்கு கெண்டை, முள்ளோடு ஒரு கெளுத்தி.
விரால் போனது போனதுதான்.
இதற்குள் மூன்று பேர் என்னைத் தாண்டினார்கள்.
ஒருத்தி மட்டும் திரும்பிப் பார்த்தாள், நின்றுவிடலாமா என்பதுபோல.

செயின் கதறக் கதற முடித்தேன்.
கோட்டருகே குடைக்குள் உட்கார்ந்திருந்த பையன்
ஹேண்டில்பாரில் கட்டிய அட்டையை உற்றுப் பார்த்தான்.
எட்டின் இடது பாதியைச் சேறு தின்றிருந்தது.
முப்பத்து மூன்று என்று எழுதிக்கொண்டான்.

ஒலிபெருக்கியில்,
வள்ளிக்கண்ணு, ஆறாம் இடம்.
முப்பத்தெட்டு, முடிக்கவில்லை.
அவள் வடையை மென்றபடி என்னைப் பார்த்தாள்.
“நல்லாத்தான் ஓட்டியிருக்கேன் போல.”
பிறகு எழுந்து, திருத்தச் சொல்ல, மழையில் நடந்தாள்.
நான் பம்புசெட்டுக் குழாயடியில்
சக்கரத்தைச் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தேன்.
சேறு கட்டிகட்டியாய் விழுந்தது.
ஆறா, ஒன்றுமில்லையா என்பதைவிட
பேரிங்குக்குள் மண் போயிருக்குமோ என்பதே கவலை.

திங்கட்கிழமை பில் போடும்போது
தலைமுடியிலிருந்து ஒரு செதில்
கீபோர்டு மேல் உதிர்ந்தது.
எதிரே நின்றவர் பார்த்தார், நானும் பார்த்தேன்.
தொகையைத் திரும்பவும் சொன்னேன்.